சுகர் குறைஞ்சதுக்குக் கைதட்டல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முழுக்கப் பதிவுக் கூடத்தில் ஒரே வாக்கியம். 'சர்க்கரையைச் சிறையில் வை, சந்தோஷத்தைக் கையில் வை.' எழுதியவர் சுகாதாரத் துறையின் திட்ட அதிகாரி. அவருக்கு 'ச' மேல் என்ன காதலோ. வரிசையாக 'ச' வந்தால் ஒலிவாங்கியில் பாம்பு சீறுகிற மாதிரி விழும். தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து "இன்னும் சிரிச்சிட்டே சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிரித்துச் சிரித்துத் தாடை வலி.

விஷயத்தில் தப்பில்லை. பிள்ளைகள் பாட்டில் பாட்டிலாகக் கலர் தண்ணீர் குடிக்கிறார்கள். யாராவது சொல்லத்தான் வேண்டும். பேருந்தில் 'அடுத்த நிறுத்தம்' சொல்வதும், வங்கியில் வரிசை எண் கூப்பிடுவதும் என் குரல்தான். இதையும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வீட்டில் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். நண்டு என்றுதான் கூப்பிடுகிறோம். நேராக நடந்து நாங்கள் பார்த்ததில்லை. ஒன்பது வயது. ஆறு மாதம் முன்பு அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் வகை. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். அப்போது உடனே இனிப்பு கொடுக்க வேண்டும்.

கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இது எனக்கா?"

"எல்லாருக்கும்டா."

"நான் எல்லார்ல இருக்கேனா இல்லையா?"

தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க எழுந்து போனேன். மோட்டார் ஓடவில்லை.

ஜூன் 9, திங்கள்

நண்டுவின் பள்ளியில் பிரசாரம் ஆரம்பம். வகுப்புக்கு ஒரு 'சர்க்கரைச் சிறை'. அட்டைப் பெட்டி, முன்பக்கம் கறுப்புக் காகிதத்தில் கம்பிகள். இனிப்பாக எது கொண்டு வந்தாலும் அதில் போட்டுவிட வேண்டும். காலையில் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை என் குரல் ஒலிக்குமாம். 'உங்க அப்பாவா, உங்க அப்பாவா' என்று எல்லாரும் கேட்டதில் நண்டுவுக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் வகுப்பு டீச்சரே போன் செய்தார். "கவலையே படாதீங்க சார். உங்க பொண்ணு பக்கத்துல ஒரு மிட்டாய்கூட வராது. நான் இருக்கேன்ல? எனக்கும் சுகர்தான் சார், பத்து வருஷமா."

அவள் பையில் எப்போதும் ஜூஸ் பாக்கெட் இருக்க வேண்டும், அதைச் சிறையில் போட்டுவிடாதீர்கள் என்றேன். "ஆங், மருத்துவமனை குடுத்த லெட்டரைப் படிச்சேன் சார்." தங்கமான மனுஷி. குரலிலேயே தெரிகிறது, குரல் விஷயத்தில் நான் ஏமாறுவதில்லை.

ஜூன் 12, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர், மௌனம். வீடு இன்று நிம்மதியாக இருந்ததாக மனைவி சொன்னாள்.

ஜூன் 20, வெள்ளி

நண்டு துள்ளிக்கொண்டு வந்தாள். வகுப்பே எழுந்து அவளுக்குக் கை தட்டியதாம். நோய் வந்த பிறகு பள்ளியிலிருந்து இப்படிச் சிரித்துக்கொண்டு வருவது இதுதான் முதல் தடவை.

எதுக்குக் கை தட்டினாங்க என்று கேட்டேன்.

"சுகர் கொறஞ்சதுக்கு!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நல்லது நடந்தால் எழுதி வைக்க வேண்டும் இல்லையா? வைத்தாயிற்று.

ஜூன் 21, சனி

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். அடுத்தவர் கண்ணில் என்ன குறை என்று பார்த்துப் பார்த்து என்னுடையதையும் பார்க்கப் பழகிவிட்டாள். காலையில் பெருமையாகக் கைதட்டல் கதையைச் சொன்னேன்.

"எவ்வளவு இருந்துச்சாம்?"

"அது... கேக்கல."

"கேக்கலையா? நீங்க எதைத்தாங்க கேட்டிருக்கீங்க?"

சோதிக்கிற கருவியை எடுத்து நேற்றைய கணக்கைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று தலையில் அடித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

நண்டுவை உட்கார வைத்துக் கேட்டோம். கை நடுங்கியிருக்கிறது. தானே சோதித்துப் பார்த்திருக்கிறாள். டீச்சரிடம் போய் "மிஸ், சுகர் கொறஞ்சிருச்சு" என்றிருக்கிறாள். அவர் முகமெல்லாம் மலர்ந்து, "அடி என் தங்கமே! நல்ல விஷயமாச்சே!" என்று கட்டிக்கொண்டு, "பாருங்க பிள்ளைங்களா, இவ எவ்ளோ கட்டுப்பாடா இருக்கா. எல்லாரும் கை தட்டுங்க!" என்றிருக்கிறார். நண்டு போய் உட்கார்ந்துவிட்டாள். ஜூஸ் குடிக்கவில்லை. கை தட்டிய பிறகு எப்படிக் குடிப்பது? சாப்பாட்டு மணி அடித்ததால் பிழைத்தாள்.

டீச்சரை என்ன சொல்வது? என் அண்ணனுக்குச் சர்க்கரை நோய். பரிசோதனை முடிந்து "டேய், சுகர் கொறஞ்சிருச்சுடா" என்று அவன் போன் செய்தால் குடும்பமே குதிக்கும். நம் பேச்சில் அது நல்ல சேதி. வேறு மாதிரி அதைக் கேட்க யாருக்கும் காது கிடையாது. நேற்று நானே கேட்டேன். என் பெண் விழப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் உச்சி குளிர்ந்திருக்கிறேன்.

சே.

ஜூன் 23, திங்கள்

டீச்சரைப் பார்த்தோம். மனைவி பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் அவர் அழுதுவிட்டார். "நான் பாவி சார், நான் பாவி." எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன்: உங்களுக்கு ஏறுவதுதான் கவலை, இவளுக்கு ஏறினாலும் கவலை, இறங்கினால் அதைவிடக் கவலை, இறங்கினால் உடனே சர்க்கரை.

"சுகர் உள்ள பிள்ளைக்குச் சர்க்கரையா சார்?"

"ஆமாங்க."

"நாமளே குடுக்கணுமா?"

"நீங்களே குடுக்கணும்."

இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். கடைசியில் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக் காட்டினார். இனி பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினோம்.

ஜூன் 27, வெள்ளி

திட்ட அதிகாரியைப் பார்க்கப் போனேன். விளம்பரத்தில் ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். 'சில பிள்ளைகளுக்குச் சர்க்கரைதான் மருந்து.' நானே காசு வாங்காமல் பதிவு செய்து தருகிறேன் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "ஒரு நேரத்துல ஒரு சேதிதான் சார் ஜனங்க மண்டையில ஏறும். வேணாம்னு சொல்லிட்டு, சிலபேருக்கு மட்டும் வேணும்னா, எல்லாரும் அந்தச் சிலபேர் ஆயிடுவாங்க. இந்த மாதிரி பிள்ளைங்க எத்தனை பேர் இருப்பாங்க, ஆயிரத்துல ஒண்ணு?"

என் வீட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று சொல்லியிருக்க வேண்டும். படியிறங்கும்போதுதான் தோன்றியது. எனக்கு யாராவது எழுதிக் கொடுத்தால்தான் நன்றாகப் பேச வருகிறது.

கிளம்பும்போது ஒரு நல்ல செய்தி சொன்னார். நண்டுவின் பள்ளியைச் 'சர்க்கரையில்லாப் பள்ளி' என்று அறிவிக்கப் போகிறார்களாம். ஆசிரியர் அறையில்கூட ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாதாம். விழாவுக்கு நான் நேரில் வந்து பிள்ளைகளுக்கு உறுதிமொழி சொல்லித்தர வேண்டும். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "சரிங்க சார்" என்று வந்தது. இத்தனைக்கும் வாய்தான் என் தொழில்.

ஜூலை 4, வெள்ளி

நண்டுவின் பைக்குள் பக்க ஜிப்பில் நொறுங்கிப்போன பிஸ்கட் பாக்கெட்டுகள். இடைவேளையில் சாப்பிடக் கொடுத்தவை. மனைவி அவற்றை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு நண்டுவைக் கூப்பிட்டாள். அந்த அமைதி எனக்கே பயமாக இருந்தது.

"ஏன்டி சாப்பிடல?"

நண்டு ஒரு பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வாயைத் திற."

"சாப்பிட்டா ஏறிடும்ல."

"ஏறணும்டி! அதுக்குத்தான் குடுத்து விடறேன்!"

பிறகு மெதுவாக வந்தது. டீச்சர் இப்போது பாராட்டுவதில்லை. பாராட்டுவது பிள்ளைகள். இன்னிக்கு எவ்ளோ, இன்னிக்கு எவ்ளோ என்று சுற்றி நின்று கேட்கிறார்கள். தொண்ணூறு என்றால் 'ஓகே'. எழுபத்தைந்து என்றால் 'சூப்பர்'. போன மாசம் வரை இவளைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தள்ளி உட்கார்ந்த ஒருத்தி, இப்போது பக்கத்தில் உட்கார இடம் பிடிக்கிறாளாம்.

மற்றப் பாடத்திலெல்லாம் எண் கூடினால் பெருமை. இவளுக்கு மட்டும் குறைந்தால் பெருமை. குறைத்துக் காட்டுகிறாள் என் பெண். கெட்டிக்காரி. ஐயோ, கெட்டிக்காரி.

மனைவி கத்தினாள். நண்டு அழுதாள். சத்தியம் வாங்கினோம். உடனே செய்து கொடுத்தாள். வேண்டாத வேலைக்கு "சரிங்க சார்" சொல்கிற அப்பனின் பெண். அவள் சத்தியத்தின் தரம் எனக்குத் தெரியும்.

ஜூலை 8, செவ்வாய்

மருத்துவமனை. நண்டுவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் முழுக்கதையையும் கேட்டார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"கொறஞ்சிருச்சுங்கற வார்த்தையை அவ வாயிலிருந்து எடுத்துடுங்க. கேக்கறவங்க அவங்கவங்க வீட்டு அர்த்தத்தை எடுத்துக்குவாங்க. 'சர்க்கரை வேணும்'னு மட்டும் சொல்லட்டும். வேணும்னா குடுத்துத்தானே ஆகணும்?"

இத்தனை வருஷமாக வார்த்தையை விற்றுப் பிழைக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

நண்டுவிடம், "எங்கே, சொல்லு" என்றார். நண்டு வாயை இறுக்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"பிச்சை கேக்கற மாதிரி இருக்கு. அதுவும் நீ மைக்ல வேணாம் வேணாம்னு சொல்லிட்டே இருக்கும்போது."

ஜூலை 11, வெள்ளி

தூக்கம் வரவில்லை. நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

விழா மதியச் சாப்பாடு முடிந்ததும். என்னுடைய பையைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஜூஸ் அதற்குள். வெறுங்கையோடு மேடை ஏறினேன். பிள்ளைகளையும் வெறுங்கையோடுதான் வரச் சொல்லியிருக்கிறார்கள், வரிசை அழகாக இருக்க வேண்டுமாம். மேடையில் எல்லா வகுப்புச் சிறைகளையும் அடுக்கி, ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

நண்டு முதல் வரிசை. ஏன் என்று அப்போது தெரியாது. அவளுக்கு ஒரு பதக்கம் கொடுக்க இருந்தார்களாம் — 'சர்க்கரையை வென்ற மாணவி'. பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்களாம். எங்களுக்குச் சொல்லவில்லை, எங்களை அசத்த வேண்டுமாம். அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்துதான் மதியம் ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை அப்படியே மூடி வைத்திருக்கிறாள்.

நான் வரி வரியாகச் சொல்கிறேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள். "நான் இனிப்பைத் தேட மாட்டேன்." மைதானமே சொல்கிறது. நண்டுவும் சொல்கிறாள். ஆனால் ஒரு வரி பின்னால். வாய் அசைகிறது, வார்த்தை பொருந்தவில்லை. குரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் — இது எனக்குத் தெரியாதா? முகம் சுண்ணாம்பு. நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்துப் பெண்ணின் தோளைப் பிடிக்கிறாள், கை வழுக்குகிறது.

மைக்கிலேயே சொன்னேன். "யாராவது சர்க்கரை குடுங்க."

சிரித்தார்கள். அவ்வளவு பேரும். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் குரல் என்ன சொன்னாலும் விளம்பரம்தானே! "நெசமாத்தாங்க! சர்க்கரை குடுங்க! எம் பொண்ணுக்கு!" சிரிப்பு இன்னும் கூடியது. திட்ட அதிகாரி கை தட்டினார். நாடகம் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

புரிந்துகொண்டது டீச்சர் ஒருவர்தான். அந்தக் கனத்த உடம்போடு படியேறி ஓடி வந்தார். ரிப்பனைப் பிய்த்தார், கறுப்புக் கம்பியைக் கிழித்தார், சிறைக்குள் கையை விட்டு ஒரு ஜூஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே குதித்தார். அதற்குள் நான் நண்டுவைத் தாங்கிவிட்டேன். நினைவு இருந்தது. குழலை உதட்டில் வைத்தோம். முதலில் தலையைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்ப்பா. பதக்கம்."

டீச்சர் போட்டார் ஒரு அதட்டு. "குடிடி!"

குடித்தாள்.

ஜூலை 12, சனி

நன்றாக இருக்கிறாள். சாப்பிட்டாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

யாரோ எடுத்த வீடியோ ஊர் சுற்றுகிறது. சர்க்கரை வேண்டாம் என்று சொன்ன குரலே சர்க்கரை குடுங்க என்று கெஞ்சுகிறது. சுவாரசியமாகத்தான் இருக்கிறது, என்னுடையது என்று தெரியாவிட்டால் நானும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன்.

திட்ட அதிகாரி போன் செய்தார். நண்டுவை விசாரித்தார், உண்மையாகவே விசாரித்தார். பிறகு, அடுத்த கட்டப் பிரசாரத்துக்கு வேறு குரல் பார்த்திருப்பதாகச் சொன்னார். அந்த ஒரு வரியைச் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். "மேல பேசிட்டு சொல்றேன் சார்." மேலே என்பது எத்தனையாவது மாடியோ.

வருமானத்தில் துண்டு விழும். மனைவியிடம் சொன்னேன். "விழட்டும்" என்றாள்.

ஜூலை 17, வியாழன்

நண்டு என்னோடு பேசுவதில்லை. அம்மா மூலமாகத்தான் தகவல் வருகிறது.

ஜூலை 26, சனி

டீச்சர் போன் செய்தார். நண்டு இப்போது ஜூஸ் குடிக்கிறாள், ஆனால் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு. "உள்ளேயே விழுந்துட்டா எனக்குத் தெரியாது சார். கதவைத் தட்டிட்டே நிக்கறேன்." எண்ணையும் யாரிடமும் சொல்வதில்லையாம். இடம் பிடித்த தோழி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம்.

மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படம் வரைந்துகொண்டிருந்தாள். தாளைப் பார்த்தபடியே பேசினாள். பதினைந்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டே."

"நீ விழுந்திருப்படா."

"விழுந்திருந்தா விழுந்திருப்பேன். மைக்லயா சொல்லணும்?"

"எங்கிட்ட அதுதான் இருந்துச்சு."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"உன்னைப் பார்த்து இல்ல. என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க."

பென்சிலை நிறுத்தினாள். இதை யோசித்திருக்கவில்லை போலிருக்கிறது.

"உனக்கு வெக்கமா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா அப்ப நீ நின்னுட்டு இருந்த நெலமைல அதுக்கெல்லாம் நேரம் இல்ல. இன்னொரு தடவை ஆனாலும் அப்படித்தான் கத்துவேன். இதைவிட பெரிய மைக்கா இருந்தாலும் கத்துவேன். நீ இல்லாம எனக்கு என்னடா இருக்கு?"

குரல் உடைந்துவிட்டது. தொழில்முறையில் அந்த டேக் தேறாது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பச்சைப் பென்சிலைச் சீவித் தரச் சொன்னாள். சீவித் தந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வேலை இல்லை. துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும் இரைச்சல். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று, தெருவே கேட்கிற மாதிரி:

"அப்பாஆஆ! சர்க்கரை வேணும்! சீக்கிரம்!"

எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். நான் ஜூஸை எடுத்துக்கொண்டு செருப்பு போடாமல் ஓடினேன். நண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், கை லேசாக நடுங்கியது. பாக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கி, எல்லார் நடுவிலும் உட்கார்ந்து உறிஞ்சினாள்.

"ஏய், வர்றியா இல்லையா?" என்றான் பந்து வைத்திருந்தவன்.

"கால் மணி நேரம் இருங்கடா. ஏறணும்."

"சரி, அப்ப உன் ஆட்டம் அப்புறம்" என்று அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைசியாகப் போன பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். அவளும் வாயில் குழலோடு சண்டையில் சேர்ந்துகொண்டாள். நான் அங்கேயே நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "நீ போப்பா. வேணும்னா கூப்பிடறேன்."

மேலே வந்தேன். தேய்ப்புப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். முதுகில் முக்கோணமாகக் கருகிக் கிடக்கிறது, மனைவி வாங்கிக் கொடுத்த சட்டை. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.